மார்பகப் புற்றுநோய்: திசு வகை, வயது, ஹார்மோன் ஏற்பி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயாப்ஸி ரிப்போர்ட்டில் திசுவின் பெயர் ஒரு வரியில் இருக்கும். ஈ.ஆர். (ஈஸ்ட்ரோஜென் ஏற்பி), பி.ஆர். (புரோஜெஸ்டிரோன் ஏற்பி), ஹெர்2 (செல்லின் மேற்பரப்பில் உள்ள ஒரு வளர்ச்சி ஏற்பி) என்ற எழுத்துகள் வேறொரு வரியில் இருக்கும். ஏற்பி என்றால் ஹார்மோன் போன்றவற்றின் கட்டளையை வாங்கிக்கொள்ளும் புரதம். நோயாளியின் வயது மேல் மூலையில் இருக்கும். இந்த மூன்றும் தனித்தனிச் செய்திகள்போலத் தோன்றினாலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. ஒன்று மற்ற இரண்டோடு ஒத்துப்போகாவிட்டால் எங்கோ தவறு நடந்திருக்கிறது என்று சந்தேகப்படவும் இந்தப் பின்னல் உதவும்.

ரிப்போர்ட்டில் “இன்வேசிவ் டக்டல் கார்சினோமா” என்று இருக்கிறது. இது என்ன வகை?

மிகப் பரவலான வகை இதுதான். ஊடுருவும் மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 முதல் 75 சதவீதம் இந்தப் பெயரில்தான் வரும். ‘டக்டல்’ என்றால் பால் நாளத்தில் தோன்றியது என்று பொருள். ஆனால் இந்தப் பெயரை அப்படியே நம்ப வேண்டாம். நாள வகை, நுண்மடல் (பால் சுரக்கும் சிறு பகுதி) வகை அதாவது லோபுலர் என்று பிரித்துச் சொல்லப்படும் இரண்டுமே, நாளத்தின் கடைசிக் கிளை நுண்மடலோடு சேரும் அதே இடத்தில்தான் பெரும்பாலும் பிறக்கின்றன. அதனால்தான் இப்போது பல ரிப்போர்ட்டுகளில் “தனிவகை சாராத ஊடுருவும் கார்சினோமா” என்ற பொருளில் என்.எஸ்.டி. என்று எழுதுகிறார்கள். பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே நோயைத்தான் குறிக்கின்றன.

சொல்லப்போனால் இது ‘மிச்சம்’ என்று ஒதுக்கிவைத்த கூடை. லோபுலர், மியூசினஸ், டியூபுலர் போன்ற தனித்த முகம் உள்ளவற்றை எடுத்துவிட்டால் எஞ்சுவதெல்லாம் இதில் விழும். ஆகவே இந்தப் பெயரை மட்டும் வைத்து ஏற்பி உண்டா இல்லையா என்று யூகிக்க முடியாது. ஏற்பி நிறைந்த மெதுவான கட்டியும் இதற்குள் இருக்கும், ஏற்பி எதுவுமே இல்லாத வேகமான கட்டியும் இருக்கும்.

திசு வகைக்கும் ஹார்மோன் ஏற்பிக்கும் என்ன வேறுபாடு?

திசு வகை என்பது வடிவம். வழக்கமான ஊதா, இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றிய ஸ்லைடில் செல்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன, குழாய் கட்டுகின்றனவா, வரிசையாக நிற்கின்றனவா, சளியில் மிதக்கின்றனவா என்று பார்த்துச் சொல்வது. ஹார்மோன் ஏற்பி என்பது அந்தச் செல்லின் உட்கருவில் உள்ள ஒரு புரதம். அதைப் பார்க்க ஐ.எச்.சி. என்ற தனிப் பரிசோதனை வேண்டும். ஏற்பியோடு ஒட்டும் எதிர்ப்பொருளைப் போட்டு, ஒட்டிய இடம் பழுப்பாகத் தெரியும்படி செய்வார்கள்.

அந்த ஏற்பி என்ன செய்கிறது?

ஈஸ்ட்ரோஜென் செல்லுக்குள் நுழைந்து ஏற்பியோடு சேரும். ஏற்பிகள் இரண்டிரண்டாக இணைந்து டி.என்.ஏ.வில் உட்கார்ந்து, செல் பெருகுவதற்கான மரபணுக்களை முடுக்கிவிடும். அப்படி முடுக்கப்படும் மரபணுக்களில் ஒன்றுதான் புரோஜெஸ்டிரோன் ஏற்பியை உண்டாக்குவது. எனவே பி.ஆர். தெரிகிறது என்றால் ஈ.ஆர். வெறுமனே இருக்கவில்லை, வேலையும் செய்கிறது என்று பொருள். இரண்டையும் சேர்த்துப் பரிசோதிப்பதற்கு இது முக்கியக் காரணம்.

மொத்த மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 75 முதல் 80 சதவீதத்தில் ஈ.ஆர். இருக்கும். 15 முதல் 20 சதவீதத்தில் ஹெர்2 கூடுதலாக இருக்கும். ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 மூன்றும் இல்லாத டிரிபிள் நெகட்டிவ் 10 முதல் 15 சதவீதம்.

வயது ஏற ஏற இந்தக் கணக்கு எப்படி மாறுகிறது?

டென்மார்க்கைச் சேர்ந்த ஜொஹானஸ் கிளெம்மசென் 1948இல் ஒன்றைக் கவனித்துச் சொன்னார். மார்பகப் புற்றுநோய் வரும் வீதம் 45–50 வயதுவரை செங்குத்தாக ஏறுகிறது, அங்கே சற்றுத் தயங்குகிறது, பிறகு மறுபடி ஏறுகிறது, ஆனால் முன்புபோல் வேகமாக அல்ல. வரைபடத்தில் அந்தத் தயக்கம் ஒரு கொக்கிபோலத் தெரிவதால் ‘கிளெம்மசென் கொக்கி’ என்றே பெயர். மாதவிடாய் நிற்கும் காலத்தில் சினைப்பை ஈஸ்ட்ரோஜென் சுரப்பதை நிறுத்துவதோடு இது பொருந்தியது.

பின்னாளில் ஏற்பியைக் கொண்டு நோயாளிகளைப் பிரித்துப் பார்த்தபோது, அது ஒரே கோட்டின் வளைவு அல்ல, இரண்டு கோடுகளின் கூட்டு என்று தெரிந்தது. ஏற்பி இல்லாத நோயின் வீதம் 50 வயது வரை ஏறி அங்கேயே மட்டமாகிவிடுகிறது. ஏற்பி உள்ள நோய் 50க்குப் பிறகும் முதுமைவரை ஏறிக்கொண்டே போகிறது. இரண்டையும் கூட்டினால் கொக்கி வரும்.

இதன் விளைவு: 40க்குக் கீழே ஏற்பி இல்லாதவற்றின் பங்கு அதிகம். 70க்கு மேலே பத்தில் எட்டு அல்லது அதற்கு மேற்பட்ட கட்டிகளில் ஈ.ஆர். இருக்கும், அதுவும் பெரும்பாலும் அடர்த்தியாக இருக்கும்.

அப்படியானால் இளம் பெண்களுக்கு வருவது பெரும்பாலும் டிரிபிள் நெகட்டிவ்தானா?

இல்லை. இந்தக் குழப்பம் மருத்துவம் படித்தவர்களிடம்கூட உண்டு. பங்கு அதிகம் என்பதற்கும் பெரும்பான்மை என்பதற்கும் வேறுபாடு இருக்கிறது. 40 வயதுக்குக் கீழே உள்ளவர்களிலும் பாதிக்கு மேற்பட்ட கட்டிகளில் ஈ.ஆர். இருக்கிறது. மூத்தவர்களோடு ஒப்பிடும்போது அந்த அளவு குறைவு, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பங்கு என்பது நோய் வந்தவர்களுக்குள் போடும் கணக்கு. வீதம் என்பது அந்த வயதுப் பெண்கள் ஒரு லட்சம் பேரில் எத்தனை பேருக்கு வருகிறது என்பது. டிரிபிள் நெகட்டிவ் வரும் வீதம் 30 வயதில் உள்ளதைவிட 60 வயதில் அதிகம். அந்த வயதில் மற்ற வகை அதைவிடப் பல மடங்கு வருவதால் பங்கு சின்னதாகத் தெரிகிறது. ‘நோயாளிகளின் சராசரி வயது’ என்ற எண்ணிலும் இதே பொறி இருக்கிறது. இளையவர்கள் நிறைந்த ஒரு மக்கள்தொகையில் சராசரி வயது தானாகவே குறைவாக வரும். அதை வைத்து அங்கே நோய் சீக்கிரமே தாக்குகிறது என்று சொல்லிவிட முடியாது. வீதத்தை வயது வாரியாகப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

எந்தத் திசு வகை எந்த வயதில், எந்த ஏற்பியோடு வரும்?

முதுமையோடு சேர்ந்தவற்றில் முதலில் சொல்ல வேண்டியது மியூசினஸ். செல்கள் கூட்டம் கூட்டமாகச் சளிக் குளத்தில் மிதக்கும். பெரும்பாலோர் 60, 70 வயதைக் கடந்தவர்கள். கட்டியின் 90 சதவீதத்துக்கு மேல் இந்த வடிவம் இருந்தால்தான் ‘தூய மியூசினஸ்’ என்பார்கள். இவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஈ.ஆர். பாசிட்டிவ், ஹெர்2 பொதுவாக இருக்காது, நெறிக்கட்டிக்கு (நிணநீர் முடிச்சுக்கு) பரவுவதும் குறைவு. ஒரு சிக்கல் உண்டு. விளிம்பு உருண்டையாக, வழவழப்பாக இருப்பதால் ஸ்கேனில் சாதாரணக் கட்டிபோல் ஏமாற்றும்.

டியூபுலர் வகை சின்னஞ்சிறு குழாய்களாக வளரும். பெரும்பாலும் மேமோகிராமில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான அளவிலேயே மாட்டிக்கொள்ளும். ஈ.ஆர். ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கும். கிரேடு (செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதற்கு 1 முதல் 3 வரை தரும் மதிப்பு) எப்போதும் 1. மார்பகப் புற்றுநோய்களில் இவ்வளவு சாதுவானது குறைவு. பாப்பில்லரி வகைகளும் மூத்தவர்களிடமே அதிகம், ஈ.ஆர். அடர்த்தியாக இருக்கும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் மெடுல்லரி. செல்கள் பெரிது, உட்கரு கோரம், கிரேடு 3, சுற்றிலும் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளையணுக்கள் மொய்த்திருக்கும். இதன் வீதம் 50 வயதை ஒட்டி உச்சம் தொட்டு அதற்குமேல் ஏறுவதில்லை. பொதுவாக டிரிபிள் நெகட்டிவ். பிஆர்சிஏ1 மரபணுப் பிறழ்வு உள்ளவர்களின் கட்டிகளில் இந்தச் சாயல் அடிக்கடி தெரியும். பார்ப்பதற்குப் பயங்கரமாக இருந்தும், அந்த லிம்போசைட் படையின் தயவால் போக்கு எதிர்பார்ப்பதைவிட நன்றாகவே இருக்கும். 2019இல் வந்த உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டில் இது தனி வகையாக இல்லை, என்.எஸ்.டி.யின் ஒரு சாயலாகச் சேர்த்துவிட்டார்கள். எனவே பழைய ரிப்போர்ட்டில் மெடுல்லரி என்றும் புதியதில் ‘மெடுல்லரி சாயலுள்ள என்.எஸ்.டி.’ என்றும் இருந்தால் நோய் மாறிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

மெட்டாபிளாஸ்டிக் அரிது, நூற்றில் ஒன்றுகூட இல்லை. சுரப்பிச் செல் தன் குணம் மாறி தோல் செல்போல, எலும்புபோல, குருத்தெலும்புபோல உருவெடுக்கும். பத்தில் ஒன்பதுக்கு மேல் டிரிபிள் நெகட்டிவ். வேகமாகப் பெருகும், வழக்கமான கீமோதெரபிக்குச் சரியாக மசியாது.

லோபுலர் வகையைப் பற்றித் தனியாகச் சொல்லுங்கள்.

சொல்ல வேண்டியதுதான். இரண்டாவது பெரிய வகை இது, 10 முதல் 15 சதவீதம். நாள வகையைவிடச் சில ஆண்டுகள் மூத்த வயதில் வரும். பத்தில் ஒன்பதுக்கு மேல் ஈ.ஆர். பாசிட்டிவ், ஹெர்2 பெரும்பாலும் நெகட்டிவ்.

செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஈ-கேட்ஹெரின் என்ற பசைப் புரதம் இதில் தொலைந்துபோகிறது. ஒட்டும் பசை இல்லாததால் செல்கள் ஒற்றை வரிசையில், எறும்புச் சாரைபோல, திசுவுக்குள் ஊர்ந்து போகும். இதன் எல்லாத் தொல்லைகளுக்கும் இதுவே மூலம். திரண்ட கட்டியாகக் கைக்குத் தட்டுப்படாமல் வெறும் தடிப்பாக இருக்கும். மேமோகிராமில் தெரியாமல் தப்பும். ஸ்கேன் காட்டும் அளவைவிட உண்மை அளவு பெரிதாக இருக்கும், அதனால் அறுவைசிகிச்சையில் விளிம்பில் நோய் மிச்சம் என்று வந்து மறுபடி வெட்ட நேரும். அறுவைசிகிச்சைக்கு முன் எம்.ஆர்.ஐ. கேட்பது இந்த வகைக்கு நியாயமான கோரிக்கை. பரவும் இடமும் வித்தியாசம்: எலும்போடு, வயிற்றின் உள்ளுறை, இரைப்பை, குடல், சினைப்பை என்று எதிர்பாராத இடங்களுக்குப் போகும். லோபுலர் வந்தவருக்குப் பல ஆண்டுகள் கழித்துத் தொடர்ந்து வயிற்று உப்புசமோ பசியின்மையோ வந்தால், பழைய நோயை டாக்டரிடம் நினைவுபடுத்த வேண்டும்.

ஹார்மோன் மாத்திரைக்கு, அதாவது ஈஸ்ட்ரோஜெனின் வேலையைத் தடுக்கும் மாத்திரைக்கு, நன்றாக இணங்கும். கீமோதெரபிக்கு நாள வகை அளவுக்குச் சுருங்காது. பிளியோமார்ஃபிக் என்ற துணைவகை மட்டும் விதிவிலக்கு, அதில் ஹெர்2 இருக்கவும் ஈ.ஆர். இல்லாமல் போகவும் வாய்ப்பு கூடுதல்.

டிரிபிள் நெகட்டிவ் என்றாலே மோசமா?

திசு வகையைப் பார்க்காமல் பதில் சொல்லக்கூடாத கேள்வி இது. அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமாவில் மூன்று ஏற்பியும் இருக்காது. ஆனால் மார்பகத்தில் வரும்போது மெதுவாக வளரும், நெறிக்கட்டிக்கு அரிதாகவே போகும், பலருக்கு அறுவைசிகிச்சையே போதுமானதாக இருக்கும். செக்ரிட்டரி கார்சினோமாவும் அப்படித்தான். 1966இல் முதலில் குழந்தைகளிடம் விவரிக்கப்பட்டதால் ‘இளம்பருவ வகை’ என்ற பெயர் இருந்தது. எந்த வயதிலும் வரலாம் என்பது பிறகு தெரிந்தது. அபோக்ரைன் வகையில் ஈ.ஆர்., பி.ஆர். இரண்டும் இருக்காது, ஆண்ட்ரோஜென் (ஆண் ஹார்மோன்) ஏற்பி இருக்கும், மூத்தவர்களிடம் அதிகம்.

ஆகவே ‘டிரிபிள் நெகட்டிவ்’ என்ற ஒரே சொல்லைப் பார்த்து கீமோதெரபி தொடங்குவது, இந்த அரிய வகைகளில் தேவையற்ற மருந்தைக் கொடுப்பதாக முடியலாம். மூன்று நெகட்டிவும் கிரேடு 1உம் ஒரே ரிப்போர்ட்டில் இருந்தால் இன்னொரு பத்தாலஜிஸ்ட் (திசுவை ஆராயும் டாக்டர்) ஸ்லைடைப் பார்ப்பது அவசியம்.

ஈ.ஆர். 5 சதவீதம் என்று வந்திருக்கிறது. பாசிட்டிவா, நெகட்டிவா?

100 புற்றுநோய் செல்களில் ஒன்றின் உட்கருவாவது சாயம் ஏற்றிருந்தால், அதாவது 1 சதவீதம் இருந்தால், பாசிட்டிவ் என்பது 2010 முதல் உள்ள வரம்பு. 2020இல் 1 முதல் 10 சதவீதம் வரை உள்ளதைத் ‘தாழ் பாசிட்டிவ்’ என்று தனியாக எழுதச் சொன்னார்கள். காரணம், இந்தக் கட்டிகள் நடத்தையில் பெரும்பாலும் நெகட்டிவ் கட்டிகளையே ஒத்திருக்கின்றன. ஹார்மோன் மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பிக் கீமோதெரபியைக் கைவிடுவது சரியல்ல.

சில இடங்களில் ஆல்ரெட் மதிப்பெண் தருவார்கள். எத்தனை செல்கள் என்பதற்கு 0 முதல் 5, சாயத்தின் அழுத்தத்துக்கு 0 முதல் 3, மொத்தம் 8. மூன்றும் அதற்கு மேலும் பாசிட்டிவ். 7, 8 வந்தால் ஹார்மோன் சிகிச்சை நன்றாக வேலை செய்யும் என்று எதிர்பார்க்கலாம்.

ஈ.ஆர். நெகட்டிவ், பி.ஆர். பாசிட்டிவ் என்று வந்தால்?

முதலில் பரிசோதனையைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். உண்மையிலேயே இப்படி இருப்பது மிக அரிது, மறுபரிசோதனையில் பெரும்பாலும் ஒன்று மாறிவிடும்.

ஏற்பிப் பரிசோதனை தவறாக வருமா? எங்கே தவறு நடக்கும்?

வரும். பெரும்பாலான தவறுகள் மைக்ரோஸ்கோப்புக்கு முன்பே, திசுவைக் கையாளும் விதத்தில் நடக்கின்றன.

வெட்டியெடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள், அதைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போக வேண்டும். தாமதமானால் ஏற்பிப் புரதம் சிதையத் தொடங்கும். ஃபார்மலின் 10 சதவீதச் சமநிலைக் கரைசலாக இருக்க வேண்டும், திசு அதில் குறைந்தது 6 மணி நேரமும் அதிகபட்சம் 72 மணி நேரமும் ஊற வேண்டும். முழு மார்பகத்தை அப்படியே டப்பாவில் போட்டு மூடினால் உள்ளே கட்டிவரை ஃபார்மலின் போய்ச் சேராது. அது திசுவுக்குள் மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் ஊடுருவும். அதனால்தான் கட்டியின் குறுக்கே 5 மில்லிமீட்டர் தடிமனில் சீவி, இடையிடையே ஃபார்மலின் புகும்படி வைக்கச் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை அறுவைசிகிச்சை முடிந்து திங்கட்கிழமை காலைவரை சீவாமல் கிடந்த திசு இந்தப் பரிசோதனையின் பரம எதிரி. ஊசிப் பயாப்ஸியில் எடுத்த திசு மெல்லியது, உடனே பதப்படும். ஏற்பியை அதிலேயே பார்ப்பது நல்லது என்பதற்கு இது ஒரு காரணம். கீமோதெரபியை முதலில் கொடுக்கத் திட்டமிட்டால் வேறு வழியும் இல்லை, பிறகு பரிசோதிக்கக் கட்டியே மிஞ்சாமல் போகலாம்.

சீவி வைத்த சாயமேற்றாத ஸ்லைடு ஆறு வாரத்துக்கு மேல் பழசானால் பயன்படுத்தக்கூடாது. திசுவைப் பதித்துவைத்த மெழுகு பிளாக் நீண்ட காலம் தாங்கும். எலும்பிலிருந்து எடுத்த திசுவை மென்மையாக்க அமிலத்தில் ஊறவைத்தால் ஏற்பி அழிந்து பொய்யாக நெகட்டிவ் வரலாம்.

சரியாக நடந்ததா என்று அறிய ஓர் எளிய அடையாளம் உண்டு. கட்டிக்குப் பக்கத்தில் உள்ள இயல்பான பால் நாளச் செல்களில் ஈ.ஆர். சிதறலாகவாவது தெரிய வேண்டும். கட்டியிலும் இல்லை, இயல்பான நாளத்திலும் இல்லை என்றால் அந்த முடிவை நெகட்டிவ் என்று எழுதக்கூடாது, ‘சொல்ல இயலாது’ என்றுதான் எழுத வேண்டும்.

இன்னொரு சோதனை, இந்தப் பக்கத்தின் சாரமே அதுதான்: திசு வகையும் ஏற்பியும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. டியூபுலர், தூய மியூசினஸ், வழக்கமான லோபுலர், கிரேடு 1 நாள வகை ஆகியவற்றில் ஈ.ஆர். நெகட்டிவ் என்று வந்தால் முடிவை ஏற்காமல் திரும்பச் செய்ய வேண்டும். மெட்டாபிளாஸ்டிக் அல்லது அடினாய்டு சிஸ்டிக்கில் ஈ.ஆர். அடர்த்தியான பாசிட்டிவ் என்று வந்தாலும் அதே. தவறு ஏற்பியில் இருக்கலாம், திசுவின் பெயரில் இருக்கலாம், ஸ்லைடே மாறியிருக்கலாம். வயதை இந்தச் சோதனையில் ஒரு சாட்சியாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக வைக்கக்கூடாது. 75 வயதுக்காரருக்கு டிரிபிள் நெகட்டிவ் வருவதும், 28 வயதுக்காரருக்கு ஈ.ஆர். 95 சதவீதம் வருவதும் இயல்பே.

ஹெர்2 வில் 2+ என்றால்?

0, 1+ நெகட்டிவ். 3+ பாசிட்டிவ். 2+ என்றால் இரண்டும் கெட்டான், ஃபிஷ் என்ற மரபணு எண்ணிக்கைப் பரிசோதனை செய்துதான் முடிவு. ஹெர்2 பாசிட்டிவ் இளையவர்களிடம் சற்று அதிகம். டியூபுலரிலும் தூய மியூசினஸிலும் 3+ வந்தால் அதையும் மறுபரிசோதனை செய்ய வேண்டும்.

ஏற்பி பாசிட்டிவ்தான் என்று தெரிந்துவிட்டதே, மாதவிடாய் நின்றதா என்று ஏன் மீண்டும் மீண்டும் கேட்கிறார்கள்?

ஈஸ்ட்ரோஜென் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து மருந்து மாறும். மாதவிடாய் உள்ளவர்களுக்குச் சினைப்பை சுரக்கிறது. நின்றவர்களுக்குக் கொழுப்பு, தசை போன்ற இடங்களில் அரோமடேஸ் என்ற நொதி ஆண் ஹார்மோனிலிருந்து அதைத் தயாரிக்கிறது. டமாக்சிஃபென் என்ற மாத்திரை ஏற்பியை அடைத்துக்கொள்வதால் இரு தரப்பினருக்கும் பயன்படும். ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம், ஐந்து ஆண்டுகள். ஈ.ஆர். உள்ளவர்களில் இது 15 ஆண்டுக் கால இறப்பு வாய்ப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்றவை அரோமடேஸைத் தடுப்பவை, மாதவிடாய் நின்றவர்களுக்கு மட்டும் தனியாகக் கொடுக்கலாம்.

சினைப்பை வேலைசெய்யும் பெண்ணுக்கு இவற்றைத் தனியாகக் கொடுத்தால் ஈஸ்ட்ரோஜென் குறைவதை மூளை உணர்ந்து சினைப்பையை மேலும் தூண்டும். அளவு கூடும், சிலர் கருத்தரிக்கவும் கூடும். ஆகவே சினைப்பையை அடக்கும் ஊசியோடு சேர்த்துத்தான் தர வேண்டும். பெரிய ஆபத்து 40களில் இருப்பவர்களுக்கு. கீமோதெரபியால் மாதவிடாய் நின்றுபோகும், அதை நிரந்தரம் என்று நினைத்து மாத்திரையை மாற்றிவிடுவார்கள், சில மாதத்தில் சினைப்பை விழித்துக்கொள்ளும். சிகிச்சை எதுவும் இல்லாத நிலையில் 12 மாதம் மாதவிடாய் வராதது, 60 வயது கடந்தது, இரண்டு சினைப்பையும் நீக்கப்பட்டது ஆகியவைதான் உறுதியான அடையாளங்கள். கருப்பை மட்டும் எடுத்தவருக்கு மாதவிடாயை வைத்துச் சொல்ல முடியாது, ரத்தத்தில் ஹார்மோன் அளவு பார்க்க வேண்டும்.

கீமோதெரபி தேவையா என்பதிலும் வயது புகுமா?

புகும். நெறிக்கட்டியில் நோய் இல்லாத, ஈ.ஆர். பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ் கட்டிகளில் 21 மரபணுப் பரிசோதனை செய்து, நோய் திரும்பும் வாய்ப்பைக் காட்ட 0 முதல் 100 வரை மதிப்பெண் தருவார்கள். 50 வயதைக் கடந்தவருக்கு 25 வரை வந்தால் கீமோதெரபியால் கூடுதல் பயன் இல்லை. 50க்கு உட்பட்டவருக்கு 16 முதல் 25க்குள் வந்தால் கொஞ்சம் பயன் தெரிந்தது. அந்தப் பயனில் ஒரு பகுதி, கீமோதெரபி சினைப்பையை நிறுத்துவதால் கிடைப்பதாக இருக்கலாம் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

எதிர்முனையில், 70ஐக் கடந்து, 2 சென்டிமீட்டருக்குள், ஈ.ஆர். பாசிட்டிவ், நெறிக்கட்டி சுத்தம், விளிம்பும் சுத்தம் என்றால் கதிர்வீச்சைத் தவிர்ப்பது பற்றிப் பேசலாம். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் பத்து ஆண்டில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அதே பகுதியில் நோய் திரும்பியது, கதிர்வீச்சும் பெற்றவர்களில் நூற்றில் இருவருக்கு. ஆயுளில் வேறுபாடு இல்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவார் என்ற உறுதி இருந்தால்தான் இந்தத் தெரிவு செல்லும்.

நோய் திரும்பும் காலத்திலும் வேறுபாடு உண்டா?

உண்டு. ஏற்பி இல்லாத நோய் திரும்புவதாக இருந்தால் முதல் மூன்று ஆண்டுகளில் வாய்ப்பு அதிகம், ஐந்து ஆண்டு கடந்தால் வெகுவாகக் குறையும். ஏற்பி உள்ளது நிதானமாக 10, 15, 20 ஆண்டு கழித்தும் எட்டிப்பார்க்கும். ‘ஐந்து ஆண்டு ஆகிவிட்டது, இனி பயமில்லை’ என்ற வழக்கமான ஆறுதல் முதல் வகைக்குத்தான் ஓரளவு பொருந்தும். திரும்பினால் முடிந்தவரை புதிய இடத்திலிருந்து திசு எடுத்து ஏற்பியை மறுபடி பார்க்க வேண்டும், மாறியிருக்கக்கூடும். பி.ஆர். காணாமல் போவது ஈ.ஆர். மாறுவதைவிட அதிகம்.

குழந்தைப்பேறு, ஹார்மோன் மாத்திரை இவற்றுக்கும் ஏற்பிக்கும் தொடர்பு உண்டா?

குழந்தை இல்லாமை, முதல் பிரசவம் தாமதமாவது, மாதவிடாய் நின்ற பிறகு உடல் பருமன் ஆகியவை ஈ.ஆர். பாசிட்டிவ் நோயோடு சேர்ந்தவை. தாய்ப்பால் கொடுப்பது டிரிபிள் நெகட்டிவ் வாய்ப்பையும் குறைக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜெனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை எடுப்பது ஏற்பி உள்ள வகைகளை, குறிப்பாக லோபுலரை, கூட்டுகிறது. 2002இல் அதன் ஆபத்து வெளிவந்து அமெரிக்காவில் பலர் நிறுத்தியதும், 2003இலேயே 50 வயதைக் கடந்தவர்களிடம் ஈ.ஆர். பாசிட்டிவ் நோய் குறைந்தது.

ஆண்களுக்கு?

பெரும்பாலும் 60ஐக் கடந்த பிறகு வரும். பத்தில் ஒன்பதுக்கு மேல் ஈ.ஆர். பாசிட்டிவ். ஆண் மார்பகத்தில் பொதுவாக நுண்மடல் வளர்வதில்லை என்பதால் லோபுலர் மிக அரிது. பிஆர்சிஏ2 பிறழ்வு இருக்க வாய்ப்பு கூடுதல் என்பதால் வயது எதுவானாலும் மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டும்.

பெண்களில் யாருக்கு மரபணுப் பரிசோதனை?

டிரிபிள் நெகட்டிவ் வந்தவர்கள், 50 வயதுக்குள் வந்தவர்கள், குடும்பத்தில் மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் உள்ளவர்கள். பிஆர்சிஏ1 பெரும்பாலும் டிரிபிள் நெகட்டிவைத் தரும், பிஆர்சிஏ2 பெரும்பாலும் ஈ.ஆர். பாசிட்டிவைத் தரும். லோபுலரோடு குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோயும் இருந்தால் ஈ-கேட்ஹெரினுக்கான சிடிஎச்1 மரபணுவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டை வாங்கும்போது எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

திசு வகை, கிரேடு, ஈ.ஆர்., பி.ஆர். இரண்டுக்கும் சதவீதமும் சாயத்தின் அழுத்தமும், ஹெர்2 மதிப்பு. வெறுமனே ‘பாசிட்டிவ்’ என்று மட்டும் எழுதியிருந்தால் சதவீதத்தைக் கேட்டு வாங்குங்கள், 3க்கும் 95க்கும் சிகிச்சை ஒன்றல்ல. திசு ஃபார்மலினில் இருந்த நேரமும், இயல்பான நாளம் சாயம் ஏற்றதா என்ற குறிப்பும் இருந்தால் நல்ல ஆய்வகம். வேறு இடத்தில் இரண்டாவது கருத்துக் கேட்பதாக இருந்தால் ரிப்போர்ட் மட்டும் போதாது. சாயமேற்றிய ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்கையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். பிளாக்கை வெயில் படும் இடத்தில் வைக்க வேண்டாம், மெழுகு உருகும்.